கணி என்கிற இரண்டெழுத்து

பரீட்சைத் தாளில் எவளாவது 'கம்ப்யூட்டர்' என்று எழுதிவிட்டால் போதும், சுலோச்சனா டீச்சரின் சிவப்பு மை அதன் மேல் பாயும். பக்கத்தில் 'கணிப்பொறி' என்று குண்டு குண்டாக எழுதுவாள். மயிலாப்பூர்ப் பெண்கள் பள்ளி ஒன்றில் தமிழ் வகுப்பு இப்படித்தான் நடக்கிறது.

"கணின்னா வெறுமனே கூட்டிக் கழிக்கறது இல்லேடி. பாத்துச் சொல்றவன் கணி, ஜோசியன். வேங்கை மரத்துக்கும் அதே பேர்தான். அது பூத்தாத்தான் மலையில தினை அறுப்பா, கல்யாணம் பேசுவா. எதையும் பாக்காம சொன்னா அது கணிப்பா?" என்பாள். அந்த நேரத்தில் கணக்கு டீச்சர்கூட அந்தப் பக்கம் வரமாட்டாள்.

தொண்ணூற்று நாலில் கிரீஷ் என்பவன் பாண்டி பஜாரில் கம்ப்யூட்டர் ஜாதகக் கடை வைத்தபோது பெயர் கேட்டு வந்தது இவளிடம்தான். 'கணி' என்றாள். கண்ணாடிக் கதவில் சிவப்பு ஸ்டிக்கரில் ஒட்டிக்கொண்டான். தெரிந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பூரித்தாள்.

மகள் சாருலதாவின் ஜாதகத்தையும் அங்கேதான் போட்டாள். "திங்கக்கிழமை ராத்திரி மூணு மணி" என்று சொன்னாள். பஞ்சாங்கப்படி பொழுது விடிந்தால்தான் மறுநாள். அவள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். கிரீஷோ திங்கள் விடிவதற்கு முந்தைய மூன்று மணியைத் தட்டிவிட்டான். ஒரு முழு நாள் பின்னுக்குப் போய், பூராடத்தில் பிறந்த பெண் மூல நட்சத்திரக்காரி ஆகிவிட்டாள்.

டீச்சர் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. உறையின் நாலு ஓரத்திலும் மஞ்சள் தடவித் திருவான்மியூருக்கு, பிள்ளை வீட்டுக்கு அனுப்பினாள். மூலம் மாமனாருக்கு ஆகாது என்று திருப்பிவிட்டார்கள். அப்புறம்தான் பிரித்துப் பார்த்துத் தப்பைக் கண்டுபிடித்தாள். தெரிந்த ஜோசியரிடம் கையால் திருத்தி எழுதி வாங்கிக்கொண்டு ஓடினாள். பையனின் அம்மா காமாக்ஷி வாசலிலேயே நிறுத்தி, "ஆகாதுன்னதும் நட்சத்திரத்தையே மாத்திண்டு வந்தா எப்படி நம்பறது?" என்றாள். சாருலதாவுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது.

சுலோச்சனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஸ் பிடித்து நேரே பாண்டி பஜார் வந்தாள்.

"ராத்திரி மூணுன்னா எந்த ராத்திரின்னு கேக்க வேண்டாமாடா?"

"நீங்க சொன்னதைத்தான் மாமி அடிச்சேன். குடுக்கறதுக்கு முன்னாடி நீங்க ஒரு தரம் பாத்திருக்கலாமே."

அவன் மேல் கொண்டுவந்த கோபம் அத்தனையும் அவள் மேலேயே திரும்பிக்கொண்டது. வெளியே வந்து கதவருகே நின்றாள். கட்டைவிரல் நகத்தை 'ணி'யின் ஓரத்தில் கொடுத்துக் கிளப்பினாள். லேசில் வரவில்லை. நகம் ஒடிந்ததும் அடுத்த விரலைக் கொடுத்தாள்.