ஃபலஜில் அம்மா முங்கிய வெள்ளிக்கிழமை

அப்பாவின் மேனேஜர் இத்தாலிக்காரர். தண்ணீர் ஓடும் பழைய கட்டடம் எங்கே இருந்தாலும் போய்ப் பார்த்துவிட வேண்டும் அவருக்கு. வளைகுடாவில், அல் ஐனில் இருந்த எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தபோதே ஒரு தடித்த ஆல்பத்தோடுதான் வந்தார். அவர் ஊர்ப் பக்கத்து வயல்களின் நடுவே வரிசையாக நிற்கும் கல் வளைவுகள், அவற்றின் தலைமேல் வாய்க்கால், அடியில் ஐஸ்கிரீமும் கையுமாக அவருடைய மகள். அவளுக்கும் என் வயதுதான், பத்து. எனக்கு வயிறு எரிந்தது.

எண்பதுகளில் ஒரு வெள்ளிக்கிழமை, தன் மகளோடு ஃபலஜ் பார்க்க எங்களையும் அழைத்தார். மலையடி ஊற்றிலிருந்து பேரீச்சந்தோப்புகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பழங்காலக் கால்வாய் அது. அதே ஊரில் இருந்தும் நாங்கள் பார்த்ததில்லை. வாரத்தில் கிடைக்கும் ஒரு லீவில் தூக்கத்தை விட்டுவிட்டு வாய்க்கால் பார்க்க யார் போவார்கள்?

மாமா இறந்து அப்போது ஒரு வாரம். எனக்கு மட்டும் தெரியாது. அம்மாவின் ஒரே அண்ணன். எனக்கு ஊர் என்றாலே அவர்தான். அப்பாவின் ஆபீசுக்கு ஃபோன் வந்தபோது ஊரில் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. பரீட்சை முடியும்வரை பிள்ளையிடம் சொல்ல வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்துவிட்டார்கள். அம்மாவின் கண் வீங்கியிருந்ததற்குத் தூசு என்றார்கள். பாலைவனத்தில் அந்தப் பொய் எளிதில் விலைபோகும். நானும் நம்பினேன்.

மேனேஜரிடம் ஏதாவது சாக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் அப்பா இருந்தார். அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"அங்க ஓடுத தண்ணி உண்டுமா?"

உண்டு என்றார் அப்பா.

"அப்பம் நானும் வாறேன்."

சாவு கேட்டால் ஓடுகிற தண்ணீரில் தலைமுழுக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். குளியலறையில் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஊற்றிப் பார்த்தும் அவளுக்கு மனசு ஆறவில்லை. நானோ, புது ஃபிராக்கை மேனேஜர் மகளுக்குக் காட்டவேண்டும் என்று நான் அடம்பிடித்ததற்குத்தான் அம்மா மனமிரங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மேனேஜரின் ஜீப்பில் அவர் மகளுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்தேன். ஆல்பத்துக்குப் பதில் கொடுக்காமல் விட மனமில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் மாத்தூரில் தொட்டிப்பாலம் இருக்கிறது, கீழே ஓர் ஆறு, மரங்களுக்கும் மேலே இன்னோர் ஆறு என்று ஆங்கிலத்தில் அளந்துவிட்டேன். இந்த லீவுக்கு மாமா கூட்டிப்போவார், தோளில் தூக்கி வைத்துக் காட்டுவார் என்றேன். இவ்வளவு பெரிய பெண்ணையா என்று அவள் கேட்டாள். என் மாமா தூக்குவார் என்றேன். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் அங்கிள் என்றால் மாமாவுக்கு மரியாதை போதாது என்று, 'மாமா' என்பதை மட்டும் தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தேன். முன்சீட்டில் அப்பா இருமினார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தோப்புக்குள் நல்ல குளிர்ச்சி. இரண்டு சுவர்களுக்கு நடுவே, அடியில் கிடந்த கல் தெரியத் தண்ணீர் ஓடியது. மேனேஜர் சுவரைத் தட்டித் தட்டி, எங்கள் ஆட்கள் தண்ணீரை வளைவுமேல் ஏற்றினார்கள், இவர்கள் பூமிக்கடியில் ஒளித்துக் கொண்டுவருகிறார்கள் என்று வியந்தார். அப்பா தலையாட்டினார். திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம்.

செருப்பைக் கரையில் கழற்றிவிட்டுப் புடவையோடு வாய்க்காலில் இறங்கியிருந்தாள். இடுப்புக்குக்கூட வராத தண்ணீரில் உட்கார்ந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முங்கு முங்கினாள்.

தோப்புக்காரர் ஒருவர் "மாஃபி, மாஃபி", கூடாது கூடாது என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். அது குடிக்கத் தண்ணீர் எடுக்கும் இடமாம். குளிக்கும் துறை கீழே இருக்கிறதாம். எனக்கு மானம் போயிற்று. பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று இருந்தது. உன் அம்மா ஏன் துணியோடு குளிக்கிறாள் என்று அந்தப் பெண் கேட்டாள். கால் வழுக்கி விழுந்துவிட்டாள் என்றேன். வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அவள் போய் அதைத் தன் அப்பாவிடம் சொல்ல, அந்த மனிதர் ஷூவோடு உள்ளே இறங்கி அம்மாவின் கையைப் பிடித்துத் தூக்கப்போனார். அம்மா கையை உதறினாள். அதை எல்லோரும் பார்த்தார்கள்.

அப்பா தோப்புக்காரரிடம் இந்தியில் மெதுவாக ஏதோ சொன்னார். பிறகு மேனேஜரைத் தனியாக அழைத்துப்போய்ச் சொன்னார். தோப்புக்காரர் நெஞ்சில் கைவைத்துத் தலைகுனிந்தார். கீழே துறையைக் காட்டிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். மேனேஜர் தொப்பியைக் கழற்றினார். நனைந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். அம்மா துறைக்குப் போய் மீதி முழுக்கையும் முடித்துவிட்டுத்தான் வந்தாள்.

திரும்பும்போது அம்மாவின் ஈரப்புடவை மேனேஜரின் சீட்டை நனைத்தது. என் ஃபிராக்கில் பட்டுவிடாமல் ஒதுங்கி உட்கார்ந்தேன். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. ஆத்திரம் தாங்காமல் அம்மாவின் காதருகே பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

"ஊருக்குப் போவட்டும். நீ செஞ்சத எல்லாம் மாமாகிட்ட சொல்லிக்குடுக்கேன் பாரு."

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"சொல்லு மக்களே. உனக்க மாமாகிட்ட, நான் முங்கிட்டேன்னு சொல்லு."

தப்பை ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று எனக்குப் பெரிய திருப்தி. மாமா நன்றாகத் திட்டுவதற்குத் தோதாக எந்த இடத்திலிருந்து தொடங்கலாம் என்று, வீடு வந்து சேரும்வரை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.