வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்

அம்சத்துக்கு நாற்பத்தெட்டு வயது. வலங்கைமானைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகப் போய் பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுப்பது அவள் வேலை. சைக்கிளில்தான் போவாள். உடன் வேலை பார்த்தவர் நின்றுவிட்டதால் ஐப்பசியில் பழக்கமில்லாத மூன்று ஊர்கள் கூடுதலாக அவள் தலையில் விழுந்தன. வழி தெரியாமல் அலைந்து முழங்கால் வீங்கி வந்தவளுக்கு மகள் கயல்விழி போனில் ஒரு மேப்பை ஏற்றிக் கொடுத்தாள்.

"சைக்கிள் படத்தைத் தொடும்மா. குறுக்கு வழி காட்டும்."

புது ஊர்ப் பட்டியலில் இருந்த செல்லதுரை என்ற நோயாளியின் வீட்டுக்கு ரோட்டு வழியே ஒன்பது கிலோமீட்டர். மேப் நாலரை என்றது. அதை நம்பி வயல்களுக்கு நடுவே மிதித்துப் போனவள் ஒரு வாய்க்கால் கரையில் போய் நின்றாள். எதிரே இரண்டு சிமெண்டுத் தூண்கள் மட்டும் இருந்தன. போன் நேராகப் போகச் சொன்னது.

பக்கத்து வயலில் களை பறித்துக்கொண்டிருந்த வேம்பு நிமிர்ந்தாள். "பாலம் போயி மூணு வருஷம் ஆவுதுங்க. போனைப் பாத்து வர்றவங்க இங்கதான் வந்து நிக்கிறாங்க."

"செல்லதுரை வீடு?"

"அந்தா, எதிர்க்கரையில ஓட்டு வீடு."

அம்சம் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். திரும்பிப் போய் ரோட்டைப் பிடிக்கக் காலில் தெம்பில்லை. நாளைக்கு வரலாம் என்றுதான் நினைத்தாள்.

"இடுப்பளவு தண்ணிதாங்க. பையைக் குடுங்க," என்று வேம்பு அதைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கினாள். அம்சம் அவள் தோளைப் பிடித்தபடி பின்னால் போனாள்.

பக்கவாதத்தில் ஒரு கை விழுந்த செல்லதுரை கட்டிலில் தனியாகக் கிடந்தார். பிரஷர் இருநூறைத் தாண்டியிருந்தது.

"மாத்திரை சாப்பிடலையா?"

"தீந்து எட்டு நாளாச்சும்மா. யாரும் வரல. தலை வேற ரெண்டு நாளா வலிக்குது."

அம்சம் சுகாதார நிலைய நர்சுக்குப் போன் செய்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை ஈரப் புடவையோடு கட்டில் பக்கத்தில் இருந்தாள். சரியான நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். நாலாம் நாள் அவர் வீடு திரும்பினார்.

கயல்விழி அதைப் பெருமையாகச் சொன்னபோது அம்சத்துக்குச் சந்தோஷம் வரவில்லை. "நாளைக்கு வரலாம்னு உக்காந்துட்டேன்டி," என்றாள்.

பாலம் இல்லை என்று மகள் மேப்பில் எழுதிப் போட்டாள். ஒரு மாதமாகியும் அது மாறவில்லை. செல்லதுரை வீட்டுக்கு அம்சம் இப்போது காலை ஆறரைக்கே கிளம்பி ரோட்டு வழியாகப் போகிறாள். பாதி வழியில் முழங்கால் வலிக்கத் தொடங்கும்போது, ஒரு புளியமரத்தடியில் இறங்கிக் கொஞ்ச தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பாள்.