சுண்ணாம்பு பூசி மறைத்த கோயில்

சபையாரே, என் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லிக்கொள்ள நான் எழுந்து நிற்கவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தால் எங்கள் வேதக் கோயில் மண்ணோடு மண்ணாகப் போகப் பார்த்தது. ஆண்டவர் காப்பாற்றினார். அதைச் சொல்லாமல் இருந்தால் எனக்குத் தொண்டையில் சோறு இறங்காது.

என் பெயர் தேவசகாயம். பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கல்லுச் சுவர் கட்டுகிற மேசன். எங்கள் கோயில் வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கருங்கல்லில் கட்டியது. அவர்கள் இருந்தவரை தோட்டமே அதைப் பழுதுபார்த்தது. எழுபதுகளில் அரசாங்கம் தோட்டங்களை எடுத்தது, துரைமார் கப்பலேறினார்கள். அதற்குப் பிறகு கோயிலைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. கூரைத் தகரம் துருப்பிடித்தது. மரங்களைக் கறையான் தின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாட்டு நடக்கும்போதே ஒரு மச்சுப் பலகை பிய்ந்து, என் மனைவி எஸ்தருக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

விஷயம் தோட்டத்து ஆபீசுக்குப் போனது. கடிதம் வந்தது. அடுத்த வருஷ மழைக்கு முன்னால் கூரையைச் சரிபண்ண வேண்டும், இல்லாவிட்டால் கட்டிடத்தை இடித்து, கல்லை ரோட்டு வேலைக்கு எடுப்பார்களாம். இடிக்கிற வேலை யாருக்கு வரும்? தோட்டத்து மேசனுக்குத்தான். என் கல்யாணம் நடந்த இடம் அது. காய்ச்சலில் போன எங்கள் மூத்த மகளை அதன் பின்னால்தான் அடக்கம் பண்ணினோம். அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து சம்மட்டியைத் தொடவே எனக்குக் கை கூசியது.

எங்கள் போதகர் ஐயா சும்மா இருக்கவில்லை. பழைய தேவாலயங்களைப் பழுதுபார்க்க வெளிநாட்டுச் சபைகள் ஒரு நிதி வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டார். கொழும்பிலிருந்து ஓர் எஞ்சினியர் வந்து பார்ப்பார், அவர் எழுதுகிற ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் பணம் தருவார்கள் என்று பதில் வந்தது. ஒக்டோபர் மாதம் ஒரு வியாழக்கிழமை என்று நாளும் குறித்தார்கள். அன்றைக்கென்று போதகருக்கு வேறொரு தோட்டத்தில் அடக்க ஆராதனை. "எல்லாத்தையும் நீங்களே பாத்துக் காட்டிருங்க தேவசகாயம்" என்று பொறுப்பை என்னிடம் விட்டார்.

நான் பண்ணியது தோட்டத்தில் பிறந்தவனுக்குத்தான் விளங்கும். கொழும்பிலிருந்து பெரியவர்கள் பார்க்க வருகிறார்கள் என்றால், மூன்று நாள் முன்பே நாங்கள் குடியிருக்கிற லயத்தின் முன்பக்கத்துக்குச் சுண்ணாம்பு அடிப்போம். அதில் ஒழுகுகிற அறையை, காம்பராவை, பூட்டிவைப்போம். பாட்டன் காலத்திலிருந்து பழக்கம் அது. அந்த வேலைக்கெல்லாம் நான்தான் முன்னால் நிற்பேன். விரிசலைக் கட்டுவதைவிட மறைப்பதில்தான் எனக்குப் பேர்.

கோயிலுக்கும் அதே வித்தைதான். எஞ்சினியர் வருவதற்கு முந்தின மூன்று நாளும் தோட்ட வேலை முடிந்து சபையே வந்தது. விரிசலில் களிமண்ணை அப்பி மேலே சுண்ணாம்பு பூசினோம். உளுத்த மச்சு தெரியாதபடி வெள்ளைத் துணியை விரித்து நான்கு மூலையிலும் கட்டினோம். ஒழுகலுக்கு வைத்த வாளிகளை ஒளித்துவைத்தோம்.

எஸ்தர் மட்டும் இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஏங்க, அவரு ஒடஞ்சதப் பாக்கத்தானே வாறாரு?"

"வாற மனுசன் நம்மள என்னா நெனப்பாரு? நீ பேசாம இரு" என்றேன்.

அதோடு விட்டேனா? மழை வரக்கூடாது என்று ஜெபம் வேறு பண்ணினேன். வியாழக்கிழமை வெயில் அடித்தது. எனக்கு ஒரே பெருமை.

எஞ்சினியர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடி போட்ட அமைதியான மனிதர். சுற்றிப் பார்த்தார். சுவரைத் தட்டினார். தேத்தண்ணி குடித்தார். "நல்ல வடிவா வச்சிருக்கிறியள். இதைவிட மோசமான கோயில்கள் கனக்க இருக்கு. முதல்ல அதுகளைத்தான் கவனிக்க வேணும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அவர் பாராட்டியதைக் கேட்டு நாங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம். ஜீப் வளைவில் மறைந்தது.

"சந்தோசமா? இப்ப ஒங்க கையாலயே இடிங்க" என்றாள் எஸ்தர்.

அப்போதுதான் உறைத்தது. நல்ல கோயில் என்று ரிப்போர்ட் போனால் பணம் எங்கே வரும்? கோயிலுக்குள் போய் முழங்காலில் விழுந்தேன். அழுதேன். "ஆண்டவரே, உம்முடைய வீட்டின் காயத்தை நானே மறைத்துப்போட்டேன். அந்த மனுஷனைத் திருப்பி அனுப்பும். உண்மையைச் சொல்கிறேன், வெட்கப்பட மாட்டேன்."

அரைமணி நேரம் இருக்கும். நான் வேண்டாம் என்று கேட்ட மழை வந்தது. அப்படியொரு மழை. தகரம் அதிர்ந்த சத்தத்தில் ஜீப் சத்தம் எனக்குக் கேட்கவேயில்லை. தேயிலை ஃபெக்டரிக்குக் கீழே மண் சரிந்து ரோட்டை மூடிவிட்டதாம். எஞ்சினியர் ஃபைலைத் தலையில் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் ஓடிவந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். என் உடம்பு புல்லரித்துப்போனது.

அவர் தலைக்கு மேலே துணி தண்ணீர் கோத்துத் தொங்கியது. இன்னும் மறைக்கலாம், வேறு பெஞ்சுக்கு வரச் சொல்லலாம் என்று என் பழைய புத்தி சொன்னது. ஆண்டவரிடம் கொடுத்த வாக்கு தடுத்தது.

"ஐயா, நான் ஒங்கள ஏமாத்திட்டேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொல்லி மூலைக் கயிற்றை அவிழ்த்தேன். அவர் எழுந்திருக்கும் முன்பே தண்ணீரும் உளுத்த மரத்தூளும் கறையானும் கொட்டின. பாதி அவர் கோட்டின் மேல். சுவரில் சுண்ணாம்பு பால்போல வழிந்தது. விரிசலில் அப்பிய களிமண்ணை நானே விரலால் தோண்டிக் காட்டினேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மேலே பார்த்தார். பிறகு சிரித்தாரே ஒரு சிரிப்பு! "ஏணி இருக்கே?" என்று கேட்டார். கோட்டைக் கழற்றிவைத்துவிட்டு ஏறினார். ரோட்டில் மண் அள்ளி முடிக்கும்வரை ஒவ்வொரு மரமாகக் குத்திப் பார்த்து எழுதினார்.

புதுவருஷம் பிறந்ததும் கடிதம் வந்தது. உதவி கிடைத்தது. போதகர் ஐயா வாசித்து முடிக்கவில்லை, நான் சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டேன். மழைக்கு முன்னால் புதுக் கூரை ஏறியது. இடிக்க வேண்டிய கையாலேயே சுவரைக் கட்டினேன், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

அதற்குப் பிறகு தோட்டத்தைப் பார்க்கப் பெரியவர்கள் வந்தபோது, ஒழுகுகிற காம்பராக்களைத் திறந்தே வைத்தேன். ஆபீசில் நல்ல ஏச்சு. இரண்டு காம்பராவுக்குப் புதுத் தகரமும் கிடைத்தது.

அன்பானவர்களே, நல்ல உடுப்பு உடுத்தி, நல்ல முகம் வைத்துக்கொண்டு ஆண்டவருக்கு முன்னால் வந்து உட்காருகிறோம். அவர் நம்மைப் பாராட்ட வரவில்லை, பழுதுபார்க்க வருகிறார். ஒழுகுகிற இடத்தை அவருக்குக் காட்டுங்கள். எனக்கு உதவினவர் உங்களுக்கும் உதவுவார்.

புதுக் கூரை போட்ட அந்த வருஷக் கிறிஸ்மஸ் ஆராதனையிலும் மழை கொட்டியது. எஸ்தர் பழக்கதோஷத்தில் வீட்டு வாளியைக் கொண்டுவந்து காலடியில் வைத்திருந்தாள். ஆராதனை முடிந்ததும் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். ஒரு சொட்டுக்கூட இல்லை. வாளியை என் கையில் கொடுத்து, "காஞ்சு கெடக்குங்க" என்றாள், கண் மட்டும் நிறைந்திருந்தது.