யூதனின் வெள்ளிக்கிழமைச் சட்டி

பற்றிக் என்பவர் குண்டசாலையில் த்ரீவீலர் ஓட்டுகிறார். பிறந்தது புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில். வாடகை பேசும்போது கறாராக இருக்கமாட்டார், சண்டைக்குப் போகமாட்டார், ஞாயிறு பூசையைத் தவறவிட்டதும் இல்லை. ஆனாலும் ஊரில் அவருக்குப் பெயர் யூதன். காரணம் எங்கள் கோயில் பங்கு நாடகத்தில் அவர் போடும் வேடம்.

ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாட்களான தவக்காலம் வந்தால் நாங்கள் போடுவது ஒரே நாடகம்தான். கடற்கொள்ளையர் பிடித்துக்கொண்டுபோன ஸ்பானியக் கிறிஸ்தவர்கள் அல்ஜியர்ஸில் அடிமைகளாகக் கிடந்து, கடைசியில் மாதா தயவில் வீடு திரும்பும் கதை. எந்தக் காலத்துச் சாமியார் கொண்டுவந்தாரோ தெரியாது. அழுகை நிறைய. நடுவில் சிரிக்க ஒரு காட்சி வேண்டுமே, அதற்குத்தான் யூதன். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தால் மறுநாள் பொழுது சாயும்வரை யூதர்களுக்கு ஓய்வுநாள், அடுப்பு மூட்டக்கூடாது. முன்கூட்டியே சமைத்து மூடிவைத்த சட்டியை, அடிமைகளில் ஒருவனான கோயில் மணிக்காரன் பிடுங்கி யூதன் கண்முன்னாலேயே தின்பான். யூதன் தாடியைப் பிய்த்துக்கொண்டு அழுவான். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

அந்தக் காலத்து ஸ்பானியச் சிறைக்கதைகள் பலவற்றில் யூதன் வந்தால் இந்த மாதிரிக் கூத்துத்தானாம். சங்கிலியில் கிடந்தவனுக்கும் மிதிக்க ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கிறது. நினைத்தால் எனக்கு எரிச்சல் வரும். திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பவன் நான்தான். எரிச்சலோடேயே எடுத்துக்கொடுப்பேன்.

மணிக்காரனாக நடிப்பவர் மத்தியூ. நிஜத்திலும் எங்கள் கோயிலில் மணி அடிப்பவர் அவர்தான். பக்தியும் தொப்பையும் ஒன்றாகவே வளர்ந்த மனிதர். சட்டியில் இருப்பதோ பற்றிக்கின் மனைவி கத்தரீனா கடலை போட்டுச் சமைத்த அசல் கோழிக்கறி. மத்தியூ அதற்காகவே மத்தியானம் சாப்பிடாமல் வருவார்.

இது மேடையோடு போனால் பரவாயில்லை. த்ரீவீலர் தரிப்பிடத்திலும் ஆள்மாறி ஆள் பற்றிக்கின் சோற்றுப் பார்சலைப் பிடுங்கிக்கொண்டு, "யூதா, அழு பாப்போம்" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே இல்லாத தாடியைப் பிய்ப்பார். பார்சல் பாதியாகத்தான் திரும்பும். கத்தரீனாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"வருசா வருசம் நான் ஆக்குறத அந்த மனுசன் திங்கிறாரு," என்றாள் ஒருநாள். "ஒரு வருசமாச்சும் மேடையில நீங்க திங்கிறத நான் பாக்கணும்."

அன்றிலிருந்து பற்றிக்குக்கு அந்த ஒரே ஆசைதான். ஒத்திகையில் தயங்கித் தயங்கிக் கேட்டும் பார்த்தார். "சிரிப்பே அதுலதானே இருக்கு" என்று மத்தியூ பேச்சை முடித்துவிட்டார்.

வழக்கமாக நாடகம் போடும் சனிக்கிழமையில் இந்த வருடம் மண்டபத்தை இரத்ததான முகாமுக்குக் கொடுத்துவிட்டதால் நாடகம் வெள்ளிக்கிழமைக்கு வந்தது. யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பற்றிக் மட்டும் அன்று ரொம்பச் சமத்தாக உட்கார்ந்து தாடியை ஒட்டிக்கொண்டார்.

காட்சி வந்தது. மத்தியூ சட்டியைப் பிடுங்கி மூடியைத் திறந்தார். வாசம் முன்வரிசைவரை போனது. ஒரு கோழிக்காலை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார். அழவேண்டிய யூதன் அழவில்லை.

"தின்னுங்கண்ணே," என்றார் பற்றிக். "எனக்கு இன்னைக்கு அடுப்பு மூட்டக்கூடாது, அவ்வளவுதான். நீங்க கிறிஸ்தவங்க. தவக்காலத்து வெள்ளிக்கிழமையில ஒங்களுக்கு எறச்சி ஆகுமா?"

என் கையிலிருந்த நாடகக் கொப்பியில் இல்லாத வசனம். நான் எதை எடுத்துக்கொடுப்பது? மத்தியூவின் கை வாய்க்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. முன்வரிசையில் பங்குச் சாமியாரான பாதர், அவருக்குப் பின்னால் பங்குச் சனம் முழுவதும். எங்கோ ஒரு பெண் சிரிக்கத் தொடங்க, மண்டபமே சிரித்தது. முதல்தடவையாக அந்தச் சிரிப்பு மத்தியூவைப் பார்த்து. அவர் கோழிக்காலைச் சட்டியில் போட்டு, சட்டியைப் பற்றிக்கின் மடியில் வைத்தார். எனக்கு ஓடிப்போய்ப் பற்றிக்கைக் கட்டிப்பிடிக்கவேண்டும் போலிருந்தது.

ஆனால் மத்தியூ லேசுப்பட்டவரா? வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "சரி பற்றிக். ஒனக்கும் இன்னைக்கு வெள்ளிக்கிழமைதானே. நீ எப்பிடித் திம்பே?"

மூன்றாம் வரிசையில் கத்தரீனா முந்தானையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பற்றிக் சட்டியைப் பார்த்தார், பாதரைப் பார்த்தார், பிறகு த்ரீவீலர்க்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பினார்.

"பற்றிக் திங்கமாட்டான்," என்றார். "ஆனா வருசம் பூராவும் நீங்கல்லாம் என்னைய யூதன்னுதானே கூப்பிடுறீங்க."

தாடியை ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு கோழிக்காலைக் கடித்தார். முதலில் சிரித்தவர் பாதர்தான். த்ரீவீலர்க்காரர்கள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பற்றிக் அவசரப்படவில்லை. கடலையைக்கூட ஒவ்வொன்றாகத்தான் தின்றார். அவர் முடிக்கும்வரை அடிமைகள் எல்லோரும் விடுதலைக்குக் காத்திருந்தார்கள், நானும் கொப்பியை மூடிவைத்துவிட்டேன்.