செந்தாடியின் வீடு

ரெஸ்லிங்கில் எனக்குப் பொறுக்கவே பொறுக்காத ஒன்று, சண்டைக்கு முன்னால் ஒரு நிபந்தனையைச் சொல்லிவிட்டு, சண்டை முடிந்ததும் அதைக் காற்றில் விடுவது. தோற்றவன் தலையை மழிக்க வேண்டும் என்றால் மழித்தே ஆகவேண்டும். தோற்றவன் கம்பெனியை விட்டுப் போகவேண்டும் என்றால் போகத்தான் வேண்டும். அடுத்த மாதமே முகமூடி போட்டுக்கொண்டு வந்து நின்றால், பார்த்துக்கொண்டிருக்கிற நாங்கள் என்ன மடையர்களா? இதை இணையத்தில் ஒரு ரசிகர் குழுவில் எழுதப்போய் முகம் தெரியாத எத்தனையோ பேரிடம் வாங்கிக் கட்டியிருக்கிறேன். கணக்கு டீச்சர், பிள்ளை பெற்றவள், பொய்ச் சண்டைக்காக இப்படி மெய்யாகச் சண்டை பிடிக்கலாமா என்று என் கணவர் கேட்பார். பொய் என்று தெரிந்துதானே எல்லாரும் பார்க்கிறோம். பொய்க்கும் ஒரு நேர்மை வேண்டாமா என்பது என் கட்சி.

இந்தக் கோபம் எனக்குப் பத்து வயதளவில், புத்தளத்துக் கரைத்தீவில், சாச்சா வீட்டு டீவிக்கு முன்னால் பிடித்தது.

சாச்சா என்றால் வாப்பாவின் தம்பி. எங்கள் ஆட்கள் யுத்தக் காலத்தில் மன்னார்ப் பக்கத்திலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த உடுப்போடு புத்தளத்துக்கு வந்தவர்கள். நான் வந்த இடத்தில் பிறந்தவள். கடல்நீர்க் களப்பை ஒட்டிக் கிடுகுக் கொட்டில்களாகத் தொடங்கிய எங்கள் குடியிருப்பில் எனக்கு விவரம் தெரிந்தபோது பாதி வீடுகள் கல்வீடுகளாகிவிட்டன. ஆனாலும் பெரியவர்கள் 'ஊர்' என்றால் அது இங்கே இல்லை, அங்கே. உன் ஊர் எது என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் கரைத்தீவு என்பேன், சரி என்பார்கள். வீட்டில் அதே பதிலைச் சொன்னால் உம்மா முறைப்பார்.

சாச்சா உப்பு மூட்டை ஏற்றும் லொறி ஓட்டினார். புத்தளத்துப் பெண்ணைக் கட்டியிருந்தார். அந்தச் சாச்சிக்குச் சீதனமாக வந்த பெரிய டீவி அவர்கள் ஹோலில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் அதில் ரெஸ்லிங் போகும். ஆண்களும் சிறுவர் பட்டாளமும் ஹோலில் பாயில் இருப்போம். பெண்கள் குசினி வாசலில் நின்று, நாங்கள் சும்மா எட்டிப் பார்க்கிறோம் என்ற பாவனையில் ஒரு நிமிடமும் விடாமல் பார்ப்பார்கள்.

அடிதடி எல்லாருக்கும் விளங்கும். விளங்காதது பேச்சு. ரெஸ்லிங் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், அதில் அடிப்பது பாதிதான். மீதி, மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆளையாள் ஏசுவது. ஏன் அடிபடுகிறார்கள், யார் யாருக்குத் துரோகம் செய்தான் என்ற கதையெல்லாம் அந்த ஏச்சில்தான் இருக்கிறது. அது முழுக்க இங்கிலீஷ். எங்களுக்கு அதைத் தமிழில் சொல்பவர் சாச்சா. அவர் சவூதியில் ட்ரைவராக இருந்துவிட்டு வந்தவர். சவூதியில் எந்த இங்கிலீஷைப் படித்தார் என்று யாரும் கேட்கவில்லை.

அவர் சொல்லும் அழகை இன்றைக்கு எந்த வர்ணனையாளனிடமும் நான் காணவில்லை. ரிங்குக்குள் ஒருவன் நரம்பு புடைக்கக் கத்துவான். சாச்சா கண்ணை மூடி, தலையை ஆட்டி, முழுவதையும் கேட்பார். பிறகு கண்ணைத் திறந்து, "இவன் சொல்றான், வளவு என்ட வாப்பாட வளவு, கிணறு நான் வெட்டின கிணறு. நீ எப்படி உள்ள இரிக்கலாம் எண்டு" என்பார். ஹோல் முழுவதும் உச்சுக் கொட்டும்.

எங்கள் நாயகன், செம்பட்டைத் தாடி வைத்த ஒரு மலை. அவனுடைய பெயர் எங்கள் வாயில் நுழையாததால் செந்தாடி ஆகிவிட்டான். அவனுடைய எதிரி பளபளவென்று பட்டுக்கோட்டுப் போட்டு, கறுப்புக் கண்ணாடியுடன் வருவான். செந்தாடி எங்கேயோ போயிருந்த நேரம் பட்டுக்கோட்டுக்காரன் அவன் வீட்டைப் பிடித்துக்கொண்டான் என்பது சாச்சா சொன்ன கதை. நல்ல கதைக்கு நாயகனைவிட வில்லன்தான் முக்கியம் என்பது என்னுடைய இன்னொரு அபிப்பிராயம். பட்டுக்கோட்டுக்காரன் உத்தமமான வில்லன். அவன் சிரித்தாலே குசினி வாசலிலிருந்து சாபம் பறக்கும்.

கதையைக் கேட்டுவிட்டுச் சும்மா போகிற கூட்டமா அது? விளம்பரம் போகும்போது வழக்கு நடக்கும். செந்தாடியிடம் வளவுக்கு உறுதிப் பத்திரம் இருக்கிறதா என்று ஒருவர் கேட்பார். உறுதி இருந்தால் எதற்கு அடிபடுகிறான், கோர்ட்டுக்குப் போகலாமே என்பார் இன்னொருவர். உறுதி வீட்டோடு எரிந்திருக்கும் என்று மூன்றாமவர் சொன்னதும் எல்லாரும் தலையாட்டுவார்கள். பக்கத்துக் காணிக்காரர்கள் சாட்சி சொல்லலாம், கிராம சேவகரிடம் ஒரு கடிதம் எடுக்கலாம் என்றெல்லாம் அமெரிக்காக்காரனுக்கு ஆலோசனைகள் குவியும். எனக்கு இதில் ஒரு வியப்பும் இல்லை. உலகத்தில் எல்லாரும் வீட்டுக்காகத்தான் அடிபடுகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாட்களில்தான் யுத்தம் முடிந்து, எலுவன்குளம் தாண்டிக் காட்டுக்குள்ளால் மன்னார்ப் பக்கம் போகிற பாதை திறந்தது. வாப்பா புத்தளம் டவுனில் ஒரு கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர். ஊரைப் பார்த்துவிட்டு வந்ததும் அவருக்குப் பேச்சு பெருகிவிட்டது. வீடு இருந்த இடத்தில் மரங்கள் நின்றனவாம், கிணற்றை வைத்துத்தான் வளவைக் கண்டுபிடித்தாராம். உரிமைக்காரர் போய் வெட்டித் துப்புரவாக்கிக் குடியிருக்காவிட்டால் அதைக் காடென்றே அரசாங்கத்தில் எழுதிவிடுவார்கள் என்று ஒரு பேச்சும் இருந்தது. காணி அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவானது. இருவரும் குடும்பத்தோடு போய்விடுவோம் என்றார் வாப்பா. சாச்சா மாட்டேன் என்றார். அவருடைய லொறி இங்கே, சாச்சியின் ஆட்கள் இங்கே, அவர் கட்டிய வீடும் இங்கே. பேச்சு தடித்து, கடைசியில் வாப்பா, வராதவனுக்கு அதில் பங்கில்லை என்று சொல்லிவிட்டார். சாச்சா செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அதன்பிறகு அவர்கள் இருவரும் நேரே பேசவில்லை. எல்லாம் என் மூலம்தான். "உங்கட சாச்சாட்டச் சொல்லு, மம்பட்டியத் தரச் சொல்லி" என்பார் வாப்பா, சாச்சா ஆறடி தூரத்தில் நிற்கும்போதே. இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது, என்னையும் ஒரு ஆளாக மதிக்கிறார்களே. உம்மாவும் சாச்சியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு குசுகுசுத்தார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் வாப்பா தவறாமல் தம்பி வீட்டுக்குப் போனார். வாசலோரக் கதிரையில் குந்தியிருந்து பார்த்துவிட்டு, கொடுத்த தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து வருவார். ரெஸ்லிங் விடமுடியாத பழக்கம் என்று எனக்குத் தெரியும், அதனால் நான் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

வாப்பாவும் சாச்சாவும் சண்டை பிடித்துச் சில கிழமைகளில் ஒரு ஞாயிறு, அடுத்த கிழமை செந்தாடிக்கும் பட்டுக்கோட்டுக்காரனுக்கும் பெரிய போட்டி என்று அறிவித்தார்கள். பட்டுக்கோட்டுக்காரன் மைக்கைப் பிடித்தான். சாச்சா வழக்கம்போலக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, யாரையும் பார்க்காமல், ஒரு சொல்லுக்கும் மறு சொல்லுக்கும் இடையில் நேரம் எடுத்துச் சொன்னார்.

"தோத்துட்டா உனக்கு இதுல பங்கில்ல எண்டு சொல்றான். அவன்ட வாப்பாட வளவுல அவனுக்கே பங்கில்லயாம்."

அன்றைக்கு யாரும் உச்சுக் கொட்டவில்லை. வாப்பா தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ உடம்பு புல்லரித்துவிட்டது. ரெஸ்லிங்கில் அதைவிடக் கனமான நிபந்தனை இன்றுவரை வந்ததில்லை என்பேன். பெல்ட் போனால் இன்னொரு நாள் வெல்லலாம், வளவு போனால் என்ன செய்வது? அந்தக் கிழமை முழுவதும் நான் தொழுகைப் பாயில் இருந்து செந்தாடிக்காகத் துஆக் கேட்டேன்.

போட்டி நாளில் ஹோலில் கால் வைக்க இடமில்லை. செந்தாடி நன்றாகத்தான் தொடங்கினான். பட்டுக்கோட்டுக்காரனைத் தலைக்குமேல் தூக்கிச் சுற்றிப் போட்டான். பிறகு ரெபரி அந்தப் பக்கம் திரும்பிய நேரம், பட்டுக்கோட்டுக்காரனின் கூட்டாளி ஒருவன் வந்து கதிரையால் முதுகில் ஒரு அடி. வெளியாள் புகுந்து முடித்துவைக்கிற சண்டையை நான் சண்டையாகவே கணக்கெடுப்பதில்லை, அது வேறு விஷயம். செந்தாடி விழுந்தான். ரெபரி தரையைத் தட்டி எண்ணி முடித்தான். செந்தாடி தோற்றுவிட்டான்.

நான் அழுதுவிட்டேன். டீவியில் பட்டுக்கோட்டுக்காரன் செந்தாடியின் நெஞ்சில் ஒரு காலை வைத்துக்கொண்டு, மைக்கை வாங்கி, முகம் சிவக்கக் கத்தினான். எல்லாரும் சாச்சாவைத் திரும்பிப் பார்த்தோம். அவர் கண்ணை மூடவில்லை. வாயையும் திறக்கவில்லை. சாச்சாவுக்கு இங்கிலீஷ் வராத முதல் நாள் அது.

அப்போது கதவோரக் கதிரையிலிருந்து வாப்பாவின் குரல் வந்தது.

"சொல்லன் தம்பி. வீட்டப் பத்தி அவன் என்ன சொல்றான்?"

என் மூலமாக அல்ல, நேரே கேட்டார். சாச்சா டீவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனை அவர் நானா என்றுதான் கூப்பிடுவார், அன்றைக்கும் அப்படியே கூப்பிட்டார்.

"பங்கில்ல எண்டு சொன்னது கோவத்துலயாம் நானா. வாய் தவறிட்டாம். எங்க இரிந்தாலும் வீடு செந்தாடிக்கும் சொந்தம்தானாம்."

திரையில் பட்டுக்கோட்டுக்காரன் செந்தாடியின் முகத்தில் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பிக்கொண்டிருந்தான்.

"ஓம்" என்றார் வாப்பா. "அப்படித்தான் சொல்றான்."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. போன கிழமை இத்தனை பேர் முன்னால் சொன்ன நிபந்தனை என்னாவது? வென்றவன் தானாக விட்டுக்கொடுப்பதாக இருந்தால் அடிபட்டது எதற்கு? இப்படியும் ஒரு வில்லனா? இவ்வளவையும் நான் அழுகையோடு அழுகையாகக் கேட்டேன். நிபந்தனை நிபந்தனைதான் என்று வாதாடினேன். ஹோலில் ஒருவரும் என் பக்கம் பேசவில்லை. போதாக்குறைக்கு வாப்பாவும், ஒன்றும் விளங்காமல், தம்பி சொன்னதற்கு ஆமாம் போட்டுவிட்டாரே என்று அவர்மேலும் கோபம் வந்தது. சாச்சி என்னைக் குசினிக்குள் இழுத்துப் போய் வாயில் ஒரு பிஸ்கட்டைத் திணித்தார். அவருடைய கன்னமும் நனைந்திருந்தது. அவரும் செந்தாடிக்காகத்தான் அழுகிறார் என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. திரும்பி வந்து பார்த்தால் வாப்பா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்.

சில கிழமைகளில் நாங்கள் ஊருக்குப் போனோம். சாச்சாவின் லொறியில்தான் போனோம், தகரமும் கிடுகும் ஒரு பெட்டிக் கோழியுமாக. சாச்சா வந்து குடியேறவில்லை. லீவு நாட்களில் வந்து வாப்பாவோடு சேர்ந்து மரம் தறித்துவிட்டுப் போவார். வாப்பா முழு வளவையும் துப்புரவாக்கினார். சுற்றிவர வேலி அடைத்தார், நடுவில் ஒரு தடிகூட நடவில்லை. மா மரக் கன்று வைத்தாலும் தென்னம்பிள்ளை வைத்தாலும் இரண்டு பக்கமும் வைத்தார்.

அங்கே ஒருநாள், உதவி கொடுக்கும் நிறுவனம் ஒன்றிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்து வீடுகளைப் பார்த்துக்கொண்டு போனார். கூட வந்த மொழிபெயர்ப்பாளர் வாகனத்தடியில் நின்றுவிட்டார். வாப்பா மடித்துக் கட்டிய சாரனை இறக்கிவிட்டுக்கொண்டு, கிணற்றடியில் நின்று அந்தப் பெண்ணோடு இங்கிலீஷில் பேசத் தொடங்கினார். தடக்காமல், சிரித்துச் சிரித்து, நெடுநேரம் பேசினார். நான் குடத்தோடு அப்படியே நின்றுவிட்டேன். இளவயதில் கொழும்பில் ஒரு பெரிய ஹோட்டலில் வெள்ளைக்காரருக்குச் சாப்பாடு பரிமாறியவராம். புத்தளத்தில் மூட்டை தூக்குகிறவனிடம் யார் இங்கிலீஷ் கேட்டார்கள் என்றார்.

எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. செந்தாடி உண்மையிலேயே எதற்காக அடிபட்டான் என்று கேட்டேன். வாப்பா கிணற்றுக் கயிற்றை வளைத்துப் பிடித்தபடி சிரிக்கத் தொடங்கினார்.

"காருக்கு மகள். மத்தவன் இவன்ட காருட கண்ணாடிய உடச்சிட்டான்."

"அப்ப கடைசியில மைக்கில என்ன சொன்னான்?"

"அது கூடாத பேச்சு. புள்ளயளுக்குச் சொல்ல ஏலா."

தம்பி கட்டிய கதையெல்லாம் பொய் என்று தெரிந்தும், நாலு பேர் முன்னால் அவரை வெட்கப்படுத்தக்கூடாதென்று வாப்பா பொறுத்துக்கொண்டிருந்தார் என்று நானாகவே ஒரு முடிவுக்கு வந்தேன். வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். கலியாணம் முடித்து, நானும் கணவரும் கோபத்தில் பேசாமல் இருந்து, பிள்ளைகள் வழியாகக் கதை அனுப்புகிற காலம் எனக்கும் வந்தபிறகுதான், அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஹோலில் இருந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். உச்சுக் கொட்டாமல் இருந்தவர்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு சாச்சாவின் வாயையே பார்த்தவர்கள், குசினிக்குள் அழுத சாச்சி, அது யாருடைய வளவின் கதை என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அத்தனை பேரில் செந்தாடிக்காகக் கவலைப்பட்டது நான் ஒருத்தி மட்டும்தான்.