மத்தியான நம்பர்

என் கடைப் பலகையில் பெயர் கிடையாது. ‘பிளவுஸ் தைக்கப்படும்’ என்று ஒரு வரி, அதன் கீழே என் செல் நம்பர், அவ்வளவுதான். அந்த நம்பர்தான் கடை. பெரியதாழைப் பக்கத்துப் பெண்கள் அளவு ஜாக்கெட்டையும் துணியையும் பையில் போட்டு பஸ்ஸில் கொடுத்துவிட்டு, எந்த பஸ் என்று போனில் சொல்வார்கள். கல்யாண வேலை, கோயிலில் முதல் நற்கருணை வாங்கும் பிள்ளைகளின் புதுநன்மை உடுப்பு, எல்லாம் அதில்தான் வரும். வீட்டுக்காரர் இறந்தபிறகு எனக்கும் என் மகளுக்கும் சோறு போடுவது அந்தப் பலகைதான். அதனால் எவராவது வந்து ‘நம்பரை மாத்திரு’ என்று சர்வசாதாரணமாகச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சொன்னார்கள். என் தம்பியிலிருந்து எதிர்த்த பலசரக்குக் கடை அண்ணாச்சி வரை எல்லாரும் சொன்னார்கள்.

தெரியாத நம்பர் ஒன்று மத்தியானத்தில் அடிக்க ஆரம்பித்திருந்தது. சாப்பாடு முடிந்து தெரு அடங்கி, நான் காஜா எடுக்க உட்காரும் நேரம். எடுத்தால் பேச்சு வராது. மூச்சு வரும். முதலில் டவர் கிடைக்காத வாடிக்கைக்காரி என்று நினைத்து, முட்டாள் மாதிரி “ஹலோ, சொல்லுங்கக்கா” என்று கத்திக்கொண்டிருந்தேன். அந்த மூச்சுக்கு அதுவே போதுமாயிருந்தது என்பது பிறகுதான் புரிந்தது. அப்புறம் படங்கள் வந்தன. என்ன படம் என்று எழுத மாட்டேன். பார்த்த கையோடு எழுந்துபோய் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். போனையும் துடைத்தேன். மறுபடி அதே கையால் ஒரு புதுப்பெண்ணின் பட்டுத் துணியைத் தொட எனக்குக் கூசியது.

பிளாக் பண்ணினால் போதாதா என்று கேட்பார்கள். பண்ணியிருப்பேன். ஆனால் ஒரு நாள் படத்தோடு ஒரு வரி வந்தது, ‘பச்சைச் சேலை நல்லா இருக்கு’ என்று. அன்றைக்கு நான் பச்சைதான் கட்டியிருந்தேன். அப்படியானால் இது எங்கோ வடக்கே இருந்து அடிக்கிற கிறுக்கன் இல்லை. என் கடையைத் தாண்டிப் போகிறவன், ஒருவேளை “என்ன, வேலை நடக்குதா” என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போகிறவன். பிளாக் பண்ணினால் போன் வாயை மூடும், கண் தெருவிலேயேதான் இருக்கும். யாரென்று தெரியாமல் யாரைப் பார்த்துச் சிரிப்பது, யாருக்கு வணக்கம் சொல்வது?

பெயர் காட்டும் ஆப் ஒன்றை மகள் என் போனில் ஏற்றித் தந்தாள். அதில் நம்பரைப் போட்டால் ‘அண்ணன்’ என்று வந்தது. யாரோ அப்படிச் சேமித்து வைத்திருக்கிறார்கள். இந்த ஊரில் அண்ணன் இல்லாதவன் யார்? பிறகு செல்போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் விஷயத்தைக் கேட்டதும் முகத்தில் அக்கறையைக் கொண்டுவந்து, “மொதல்ல அந்தப் படத்தைக் காட்டுங்கக்கா, ஆளு தெரியுதான்னு பாப்போம்” என்றார். நான் காட்டவில்லை. அந்தப் படத்தில் முகமே கிடையாது என்று அவருக்குத் தெரியாதா என்ன? எனக்கு வந்த ஆத்திரத்தில் திரும்பியிருப்பேன், அதற்குள் அவரே ஒரு வழி சொன்னார். “பணம் அனுப்புத ஆப்புல அந்த நம்பரைப் போடுங்க. அனுப்ப வேண்டாம். பேங்குல உள்ள பேரு தன்னால வந்துரும்.”

வந்தது. எங்கள் தெருக்காரன் பெயர். மாலத்தீவுக்குப் போகும் சரக்குத் தோணியில் வேலை பார்க்கிறவன், தலையைக் குனிந்துகொண்டு நடக்கிறவன். அவன் பெண்டாட்டி என் வாடிக்கை. இரண்டு நாள் அவனை மனசுக்குள் வைத்து வைதேன். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று வாய்விட்டே சொன்னேன். அவளுடைய ஜாக்கெட் ஒன்று தைத்து முடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள்மேலும் சேர்த்து வெறுப்பு வந்தது. அவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தேன்.

ஜாக்கெட்டை வாங்க அவள் வந்தபோது போனை அவள் முன்னால் நீட்டினேன். “இது உன் வீட்டுக்காரர் நம்பர்தான?”

அவள் நம்பரைப் பார்த்தாள். “அவரு தோணியில போயி எவ்வளவு நாளாச்சுக்கா. மாலத்தீவுல நிக்காவ” என்றாள். “கடலுக்குப் போவயில இந்த சிம்மை அவிய அண்ணன்கிட்ட குடுத்துட்டுத்தான் போவாவ. பேங்கு ஓடிபி வரும்லா.”

கோபத்தில் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. தோணிக்காரன் கரையிலே விட்டுப்போவது பெண்டாட்டி பிள்ளையை மட்டுமில்லை, நம்பரையும்தான். அது இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். சம்பளம் வந்து விழும் நம்பர், அது பொறுப்பான ஒருத்தர் கையில் இருக்க வேண்டும். பொறுப்பானவர் என்று அவன் நம்பியது தன் அண்ணனை.

அந்த அண்ணன் யாரென்றால், எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் செபத்துக்குக் கூடும் அன்பியக் கூட்டத்தில் செபமாலை சொல்லுகிறவர். என் வீட்டுக்காரர் அடக்கத்தன்று பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களில் ஒருவர். என்னை எங்கே பார்த்தாலும் “தங்கச்சி” என்பார். அவர் குரலையும் அந்த மூச்சையும் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். கடைக்குப் பின்னால் போய் மறுபடியும் சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

போலீசுக்குப் போகிறேன் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “வேண்டாம்க்கா. சிம்மு எங்க வீட்டுக்காரரு பேருல இருக்கு. கேஸு மொதல்ல இவிய மேலதான் வரும். பாஸ்போர்ட்டுக்குப் போலீஸு விசாரிக்க வந்தா என்ன செய்ய? கப்பலுக்கு மாறலாம்னு எழுதிப் போட்டிருக்காவ.” செய்கிறவன் ஒருத்தன், பெயர் இன்னொருத்தனுடையது. தம்பியின் பெயரைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார் மனுஷன்.

அதனால் அன்பியத்துப் பெரியவர்களிடம் சொன்னேன். மூன்று பேர் கடைக்கு வந்தார்கள். அவர் வரவில்லை. “அவரு ரொம்ப மனசு வருந்துதாரு” என்றார்கள். “பெண்டாட்டி இல்லாத மனுசன், சபலம்” என்றார்கள். “வெளிய தெரிஞ்சா உங்களுக்குத்தாம்மா அசிங்கம், பொம்பளப் பிள்ள வச்சிருக்கிய” என்றார்கள். எனக்கா அசிங்கம்? கடைசியில் ஒருவர் சட்டைப் பையிலிருந்து புது சிம் ஒன்றை எடுத்துத் தையல் மேசையில் வைத்தார். அந்த அண்ணனே வாங்கிக் கொடுத்து அனுப்பினாராம். பலகைக்குப் பெயிண்ட் அடிக்கிற செலவையும் ஏற்றுக்கொள்கிறாராம். பாவ மன்னிப்பு எவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது பாருங்கள்.

அதை அவர்கள் மூஞ்சியில் எறிந்தேன் என்று எழுத ஆசைதான். எறியவில்லை. களைத்துப்போயிருந்தேன். அவர்கள் போனதும் அந்த சிம்மைக் கையில் வைத்துக்கொண்டு, வாடிக்கைக்காரிகளுக்கெல்லாம் புது நம்பரைச் சொல்லத் தொடங்கினால் பாதிப்பேராவது மிஞ்சுவார்களா என்று யோசித்தேன். பெரியதாழைக்காரிகளுக்கு யார் போய்ச் சொல்வது? ஆனாலும் அந்த மூச்சுக்கு இனிமேல் காது கொடுக்க என்னால் முடியாது. மாற்றிவிடுவது என்றே முடிவு செய்தேன்.

மறுநாள் காலையில் தோணிக்காரன் பெண்டாட்டி வந்தாள். துணி எதுவும் கொண்டுவரவில்லை. மிஷின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“நம்பரை மாத்தப் போறியளாக்கா?”

“ஆமா.”

“மாத்தாதிய.”

எனக்கு ஏறிவிட்டது. “ஏன், உன் வீட்டுப் பெரிய மனுசனுக்குப் பொழுது போவாதோ?” என்றேன்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு தாங்காமல் போயிருக்காது. “வீட்டுல மத்தியானம் கீழ நானும் மாடியில அவிய அண்ணனும்தான்” என்றாள். “நீங்க போனை எடுத்தா அவரு மாடியிலயே இருப்பாரு, உங்க குரலு கீழ வரைக்கும் கேக்கும். எடுக்கலன்னா கீழ வந்துருவாரு.”

நான் “ஹலோ ஹலோ” என்று கத்திய அந்த மத்தியானங்களில், கீழே ஒருத்தி உள்தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு, நான் போனை வைத்துவிடக் கூடாதே என்று நின்றிருக்கிறாள். அவளையா வெறுத்தேன்? அவர்மேல் வந்த அருவருப்பு போதாதென்று, அவரை ‘சபலம்’ என்று ஒரே வார்த்தையில் கழுவிவிட்டுப்போன மூன்று பேர் மேலும், அந்த சிம்மைக் கையில் வைத்துக் கணக்குப் போட்ட என்மேலும் வந்தது. சிம்மை இரண்டாக ஒடித்து வெட்டுத்துணிக் குப்பையில் போட்டேன்.

“எந்திரி. உன் துணிமணியை எடுத்துட்டு வா” என்றேன்.

“எங்க வீட்டுக்காரரு வந்து கேட்டா?”

“நான் பதில் சொல்லுதேன்.”

அந்த அண்ணன் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் இருவரும் போய் எடுத்துவந்தோம். ஒரு பை, ஒரு தலையணை. அவள் என் போனிலிருந்தே புருஷனுக்கு எல்லாவற்றையும் குரலில் பதிந்து அனுப்பினாள். பாதியில் இரண்டு தடவை நிறுத்தினாள், ஆனால் முழுதும் சொன்னாள். தோணி துறைமுகத்தில் நின்று போன் கிடைக்கும்போது கேட்பான். கேட்டுவிட்டு அண்ணனை நம்புவானோ இவளை நம்புவானோ, எங்களுக்குத் தெரியாது. நம்பினால் அவன் கையாலேயே புகார் எழுதி வாங்க வேண்டும். நம்பாவிட்டாலும் நான் எழுதுவேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மத்தியானம் சாப்பிட்டோம். அவள் ஒரு பாவாடைக்கு ஓரம் அடிக்க உட்கார்ந்தாள், நான் காஜா எடுத்தேன். போன் அடித்தது. அவள் கை நின்றுவிட்டது, கண் என் போன்மேலேயே இருந்தது. நான் அதைத் தொடவில்லை. அடித்தது, நின்றது, திரும்ப அடித்தது. அப்புறம் சத்தம் இல்லை.

இறங்கி வந்திருப்பார். கீழே யாரும் இல்லை.