மூன்றாம் கழுவல்

காரில் மண் இருந்தால் திருப்பி அனுப்பப்படும் என்றது, அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றும் முகவரின் கடிதம். என்னுடையதோ ஆலங்குடாக் கடற்கரை மணலில் பல வருடம் ஓடிய கார்.

புத்தளத்தில் அதைக் கழுவியவர் ஒல்லியானவர். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். கழுவியதும் காரடியில் வெள்ளைத் துணி விரித்து, சில்லுகளின் உட்புறத்தைத் தட்டினார். மணல் விழுந்தது. மறுபடி கழுவினார். மறுபடியும் சில மணிகள் விழுந்தன.

“ரெண்டு தரம் போதும் நானா,” என்றேன்.

“தொழ முன்னுக்கு ஒழுவுக்கே கை கால மூணு தரம் கழுவுறோம் சேர். அங்க ஒருத்தன் குனிஞ்சி பாத்து, ஒழு முறிஞ்சி போச்சுன்டு அனுப்பினா?”

மூன்றாம் முறை துணி வெள்ளையாகவே இருந்தது. அதன் பிறகும் கன்னத்தைத் தரையில் வைத்து ஒருமுறை பார்த்தார்.

மெல்பர்னில் கார் தடையின்றிக் கைக்கு வந்தது. அங்கே யாராவது குனிந்து பார்த்தார்களா என்பதை இன்றுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.